ரேஸைக் குறைத்ததும் ஆஃப் ஆகும் டீசல் எஞ்சின்: பம்பைக் கழற்றுமுன் பார்க்க வேண்டியவை

உழவில் குறையே இல்லை, டிரெய்லரை லோடோடு இழுக்கிறது, மேட்டிலும் ஏறுகிறது. வரப்போரம் திரும்ப ரேஸைக் குறைத்தால் மட்டும் டொக்கென்று நின்றுவிடுகிறது. ஜீப், பிக்கப் வண்டிகளிலும் இதே கதைதான், சிக்னலில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துக் கிளட்சை மிதித்ததும் ஆஃப். இந்தப் புகாரோடு போனால் பல இடங்களில் முதலில் வரும் வார்த்தை "பம்ப் போச்சுங்க, கழற்றிடலாம்" என்பதுதான். பம்ப் (சிலிண்டர்களுக்கு டீசலை அளந்து அழுத்தி அனுப்பும் பெரிய பம்ப்) போயிருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய பொருள். டேங்கிலிருந்து பம்ப் வரை டீசல் ஒழுங்காக வருகிறதா, வழியில் காற்று கலக்கிறதா, ஸ்டாப்பர் கேபிள் முழுதாகத் திரும்புகிறதா என்று எதையும் பார்க்காமல் பம்பைக் கழற்றினால், கேலிபரேஷன் (டெஸ்ட் பெஞ்சில் வைத்து அளவுகளைச் சரிசெய்வது) போட்டு ஏற்றிய பிறகும் வண்டி அதே மாதிரிதான் நிற்கும்.

இதில் சொல்வது பெரும்பாலும் மெக்கானிக்கல் பம்ப் உள்ள எஞ்சின்களுக்கு: டிராக்டர், பழைய ஜீப், பழைய வேன், ஜெனரேட்டர், இறைக்கும் எஞ்சின் எல்லாம் இதில் அடங்கும். காமன் ரெயில் வண்டிக்கு, அதாவது டீசலைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புதிய வகைக்கு, கடைசியில் தனியாகச் சொல்கிறேன். அந்த வண்டி வைத்திருப்பவர்கள் நேராக அங்கே போங்கள், ஏனென்றால் இங்கே சொல்லும் சில வேலைகளை அதில் செய்தால் கையே போய்விடும்.

குறைக்கும்போது மட்டும் ஏன்?

பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலேட்டர் காற்றைக் கட்டுப்படுத்தும். பழைய டீசல் எஞ்சினில் காற்று எப்போதும் திறந்த வழியில் போய்க்கொண்டே இருக்கும், டீசலின் அளவை மட்டும் பம்ப் கூட்டிக் குறைக்கும். அந்த அளவைத் தீர்மானிப்பது பம்புக்குள் இருக்கும் கவர்னர். 2000 ஆர்பிஎம்மில் ஓடும்போது காலை எடுத்தால் கவர்னர் டீசலைக் கிட்டத்தட்ட முழுசாக நிறுத்திவிடும், வேகம் இறங்கி ஐட்லிங்கை (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் குறைந்த வேகம்) நெருங்கும்போது மறுபடி கொஞ்சம் திறந்து எஞ்சினைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். உங்கள் எஞ்சின் தவறுவது அந்தத் தாங்கிப் பிடிக்கும் இடத்தில்தான்.

தவறுவதற்கு மூன்று வழிகள் உண்டு. கவர்னர் திறந்தும் அங்கே டீசலுக்குப் பதில் காற்று இருக்கலாம். டீசல் இருந்தும் கவர்னர் தாமதமாகவோ குறைவாகவோ திறக்கலாம், ஐட்லிங் ரொம்பக் குறைத்து வைத்திருப்பதும் இதில்தான் சேரும். அல்லது சரியான அளவு கொடுத்தும் எஞ்சினால் அதில் ஓட முடியாமல் இருக்கலாம், ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் மற்றவை அதையும் சேர்த்து இழுப்பது போல. கீழே செய்யும் எல்லாச் சோதனையும் இந்த மூன்றில் எது என்று பிரிப்பதற்காகத்தான்.

ஸ்பேனர் எடுக்குமுன் கவனிக்க வேண்டியவை

வண்டியை நன்றாகச் சூடாக்கி, நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, ரேஸை ஏற்றி இறக்கிப் பாருங்கள். மெதுவாக இறக்கினால் நிற்கிறதா, சட்டென்று விட்டால் மட்டும் நிற்கிறதா? மெதுவாக இறக்கினாலும் நிற்கிறது என்றால் ஐட்லிங் செட்டிங், கேபிள், பலவீனமான சிலிண்டர் பக்கம் பாருங்கள். சட்டென்று விட்டால் மட்டும் என்றால் கவர்னர் பக்கம் சந்தேகம் கூடுகிறது. எப்போதாவது நிற்கிறது, எப்போது என்றே சொல்ல முடியவில்லை என்றால் காற்று அல்லது ஒயர்.

அதைவிட முக்கியமான கேள்வி, நின்ற பிறகு என்ன ஆகிறது என்பது. சாவியைத் திருப்பியதும் ஒரே செல்ஃபில் பிடித்துக்கொண்டால் லைனில் டீசல் இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது, அல்லது ஹேண்ட் பம்ப் அடித்தால்தான் பிடிக்கிறது என்றால் பெரும்பாலும் காற்று புகுந்திருக்கிறது, முதலில் அதைத்தான் தேட வேண்டும். டேங்கில் டீசல் குறைவாக இருக்கும்போதோ, வண்டி சரிவில் நிற்கும்போதோ மட்டும் வருகிறதா, காலையில் முதல் ஸ்டார்ட் கடினமாக இருக்கிறதா, ஏசி போட்டால் மட்டும் நிற்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

புகையையும் பாருங்கள். நிற்கப்போகும் நேரத்தில் வெள்ளைப் புகை விட்டுத் தடுமாறினால் ஏதோ ஒரு சிலிண்டரில் டீசல் எரியாமல் வெளியே வருகிறது. புகையே இல்லாமல் விளக்கை அணைத்தது போல நின்றால் டீசல் போகவே இல்லை.

காசு செலவில்லாத நான்கு இடங்கள்

முதலில் ஸ்டாப்பர் கேபிள். இழுத்து ஆஃப் செய்யும் வண்டிகளில் இந்தக் கேபிள் துருவேறி முழுதாகத் திரும்பாமல் நிற்கும். டேஷ்போர்டில் குமிழ் உள்ளே போனது போலத் தெரியும், பம்பில் இருக்கும் லீவர் மட்டும் கொஞ்சம் ஸ்டாப் பக்கமாகவே நின்றுகொண்டிருக்கும். ரேஸில் ஓடும்போது பெரிதாகத் தெரியாது, ஐட்லிங்குக்கு வரும்போது டீசலை வெட்டிவிடும். கேபிளைப் பம்ப் லீவரிலிருந்து கழற்றிவிட்டு, லீவரைக் கையால் ரன் பக்கம் முழுதாகத் தள்ளி வைத்து ஓட்டிப் பாருங்கள். (எஞ்சினை நிறுத்த அந்த லீவரைக் கையால் திருப்ப வேண்டியிருக்கும், மறந்துவிடாதீர்கள்.) எஞ்சின் நிற்கவில்லை என்றால் வேலை முடிந்தது, ஒரு புதுக் கேபிள் வாங்கினால் போதும்.

இரண்டாவது, சாவியில் ஆஃப் ஆகும் வண்டிகளில் பம்பின் மேல் இருக்கும் சோலினாய்டு. 12 வோல்ட் ஒயர் ஒன்று அதற்குப் போகும். அந்த மின்சாரம் நின்றால் உள்ளே ஒரு பிளஞ்சர் விழுந்து டீசலை அடைத்துவிடும். ரேஸை விடும்போது எஞ்சின் மவுண்டில் ஒரு குலுங்கல் குலுங்கும், ஒயர் முனை லூசாக இருந்தால் அந்த நேரத்தில்தான் தொடர்பு விட்டுப்போகும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து பியூஸ் வைத்த ஒரு தனி ஒயரை நேராகச் சோலினாய்டுக்குக் கொடுத்துப் பாருங்கள். பிரச்சினை போனால் சாவி ஸ்விட்சிலோ ஒயரிலோ கோளாறு. இப்படிக் கொடுத்திருக்கும்போது சாவியைத் திருப்பினால் எஞ்சின் நிற்காது, ஒயரைப் பிடுங்கினால்தான் நிற்கும்.

மூன்றாவது ஆக்சிலேட்டர் லிங்க். லீவர் ஐட்லிங் ஸ்க்ரூவில் போய் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உட்காருகிறதா, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா, டிராக்டரில் ஹேண்ட் ஆக்சிலேட்டர் ராடு எங்கேயாவது இடிக்கிறதா என்று பாருங்கள். பம்ப் லீவர் ஷாஃப்டில் தேய்மானம் வந்தால் லீவர் ஒருநாள் ஒரு மாதிரி உட்காரும், மறுநாள் வேறு மாதிரி.

நான்காவதுதான் ஐட்லிங் ஸ்க்ரூ. இதை முதலில் தொடுவதுதான் எல்லோருடைய பழக்கம், அதனாலேயே உண்மையான கோளாறு மாதக்கணக்கில் மறைந்து கிடக்கும். முதலில் அளந்து பாருங்கள். டிராக்டரில் மீட்டர் இருக்கும், இல்லாவிட்டால் கிராங்க் புல்லியில் ஒளி திருப்பும் ஸ்டிக்கர் ஒட்டி லேசர் டாக்கோமீட்டரால் அளக்கலாம். பெரும்பாலான நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின்களுக்கு 700 முதல் 850 ஆர்பிஎம் வரை ஐட்லிங் இருக்கும், உங்கள் எஞ்சினுக்கு என்ன என்பதைக் கையேட்டில் பாருங்கள். குறைவாக இருந்தால் லாக் நட்டைத் தளர்த்தி, கால் சுற்று மட்டும் உள்ளே திருகி, அரை நிமிடம் விட்டு மறுபடி அளக்கவும். சரியான அளவில் இருந்தும் எஞ்சின் நிற்கிறது என்றால் ஸ்க்ரூவை விட்டுவிடுங்கள். 1000-க்கு மேல் ஏற்றி வைத்து ஓட்டினால் கோளாறு மறையும், அவ்வளவுதான்.

ஏசி போட்டால் மட்டும் நிற்கும் வண்டியில், ஐட்லிங்கைத் தூக்கிக் கொடுக்கும் சின்ன வேக்குவம் டப்பா ஒன்று பம்ப் லீவரை ஒட்டி இருக்கும். அதன் ரப்பர் டியூப் வெடித்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

காற்று: பெரும்பாலும் இதுதான்

ரேஸில் ஓடும்போது காற்றுக்குமிழி வந்தால் பம்ப் வழியாகப் போகும் நிறைய டீசலோடு அதுவும் ஓடிவிடும், பிளைவீலின் வேகமும் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போய்விடும், உங்களுக்கு ஒரு சின்ன வெட்டு மாதிரிதான் தெரியும். ஐட்லிங்கில் ஒரு தடவைக்குப் போகும் டீசல் முழு லோடில் போவதில் ஒரு சிறு பங்குதான். அதே குமிழி இப்போது ஒன்றிரண்டு தடவைக்கான டீசலை முழுதாக விழுங்கிவிடும், தூக்கிக்கொண்டு போக வேகமும் இல்லை. அதனால்தான் காற்றுக் கோளாறு ஐட்லிங்கில் முதலில் தெரிகிறது.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: "எங்கேயும் ஒழுகலே, அப்புறம் எப்படிக் காற்று புகும்?" டேங்க் கீழே இருந்து, பம்ப் டீசலை உறிஞ்சி இழுக்கும் பகுதியில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, வெளிக்காற்றுதான் உள்ளே போகும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பது மாதிரி. வெளியே சொட்டுக்கூட ஈரம் இருக்காது. ஃபீட் பம்புக்கு (டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சின்ன பம்ப்) பிறகு, அதாவது பில்டரிலிருந்து பெரிய பம்ப் வரை, அழுத்தம் இருப்பதால் அங்கே ஓட்டை இருந்தால் வெளியே ஈரம் தெரியும். விஇ மாதிரி ரோட்டரி பம்ப் (ஒரே பாகம் சுழன்று எல்லாச் சிலிண்டருக்கும் டீசலைப் பங்கிடும் வகை) உள்ள பல வண்டிகளில் தனி ஃபீட் பம்பே கிடையாது, பம்புக்குள் இருக்கும் வேன் பம்ப்தான் டேங்கிலிருந்து நேராக இழுக்கும். அந்த வண்டிகளில் பில்டர் உட்பட முழு லைனுமே உறிஞ்சும் பகுதி, எந்த இடத்திலும் காற்று புகலாம்.

டிராக்டரில் டேங்க் மேலே இருப்பதால் கதை கொஞ்சம் மாறும். டீசல் தானாக இறங்கி வரும், ஓட்டை இருந்தால் பெரும்பாலும் ஒழுகும். அங்கே காற்று வருவது டீசல் அடிமட்டத்துக்குப் போய் வண்டி சாயும்போது, பில்டர் மாற்றிச் சரியாக ஏர் எடுக்காமல் (லைனில் உள்ள காற்றை வெளியேற்றாமல்) விட்டபோது, அல்லது டேங்கின் அடி டேப்பில் அடைப்பு ஏற்பட்டு அதற்குப் பிறகுள்ள லைன் உறிஞ்சும் பகுதியாக மாறும்போது.

தேட வேண்டிய இடங்கள்: டேங்கிலிருந்து வரும் ரப்பர் டியூப்களின் முனைகள் (கையால் வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள்), கிளிப்புகள், பேஞ்சோ போல்ட்டின் (டியூபைப் பொருத்தும், நடுவில் துளையுள்ள போல்ட்) இரண்டு பக்கமும் வரும் காப்பர் அல்லது அலுமினிய வாஷர்கள், பில்டர் கிண்ணத்தின் ரப்பர் ரிங், வாட்டர் செப்பரேட்டரின் அடித் திருகு, ஹேண்ட் பம்ப். பில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் ரிங்கையே மறுபடி போடுவது நம் ஊரில் சர்வசாதாரணம், புது பில்டர் போட்ட வாரத்தில் இந்தக் கோளாறு ஆரம்பித்திருந்தால் அங்கேயே போய்ப் பாருங்கள். ரோட்டரி பம்ப் வண்டிகளில் நாசில்களை (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகங்கள்) ஒன்றோடொன்று இணைக்கும் மெல்லிய ரிட்டர்ன் டியூப்களையும் விட்டுவிடாதீர்கள், வண்டி நிற்கும்போது அதன் வழியாகக் காற்று பின்னால் இறங்கும். காலையில் முதல் ஸ்டார்ட் கடினம் என்றால் அதுவும் ஒரு காரணம்.

உறுதி செய்ய, பெரிய பம்புக்குள் போகும் லைனில் ஒரு அடி நீளத்துக்கு டீசல் தாங்கும் கண்ணாடி மாதிரியான டியூபைப் போட்டு ஓட்டுங்கள். ஏர் எடுத்த உடனே ஒன்றிரண்டு குமிழி வருவது சகஜம். ஐந்து நிமிடம் ஓடிய பிறகும் வரிசையாக வந்துகொண்டே இருந்தால் காற்று புகுகிறது. இப்போது டேங்க் பக்கத்திலிருந்து ஒவ்வொரு ஜாயிண்டாகக் கெட்டியான கிரீஸை அப்பிக்கொண்டு வாருங்கள், எந்த ஜாயிண்டில் அப்பியதும் குமிழி குறைகிறதோ அதுதான் ஓட்டை. கம்ப்ரஸரை டேங்கில் வைத்து ஊதிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். டேங்க் பிளந்துபோகும், செய்யாதீர்கள்.

கேன் சோதனை

ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால் நான் செய்யச் சொல்வது இதைத்தான். சுத்தமான 5 லிட்டர் கேனில் நல்ல டீசல் ஊற்றி, பம்பைவிட உயரத்தில் அசையாமல் கட்டி வையுங்கள். அதிலிருந்து ஒரு புதுக் குழாயை நேராகப் பெரிய பம்பின் உள்வழிக்குக் கொடுங்கள், ரிட்டர்ன் லைனையும் கழற்றி அதே கேனில் விடுங்கள். பழைய டேங்க், டியூப், ஃபீட் பம்ப், பில்டர் எதுவுமே இப்போது கணக்கில் இல்லை. பம்பில் ஏர் எடுத்து, ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே ரேஸை ஏற்றி இறக்குங்கள்.

நிற்கவில்லை என்றால் கோளாறு நீங்கள் கழற்றி வைத்த பழைய லைனில்தான், பம்பைத் தொடவே வேண்டாம். இப்போதும் அதே மாதிரி நிற்கிறது என்றால் லைன் நிரபராதி, நாசில், டேப்பட் (வால்வைத் திறக்கும் பாகம்), பம்ப் பக்கம் போகலாம். கேனைச் சைலன்ஸர், டர்போ பக்கத்தில் வைக்காதீர்கள், இந்த நிலையில் வண்டியை ரோட்டில் ஓட்டவும் வேண்டாம். பில்டர் இல்லாமல் போவதால் கேனும் குழாயும் தூசியே இல்லாமல் இருக்க வேண்டும், ஒரு மணல் துகள் பம்பைக் கெடுக்கப் போதும்.

ஏர் எடுப்பது

டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருக்கட்டும். முதலில் பில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்தி ஹேண்ட் பம்ப் அடியுங்கள். நுரை வந்து, குமிழி வந்து, அப்புறம் குமிழியே இல்லாமல் டீசல் வரும். அது வந்துகொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்க வேண்டும், அடிப்பதை நிறுத்திவிட்டு இறுக்கினால் கொஞ்சம் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். இரட்டை பில்டர் என்றால் டேங்க் பக்கத்து பில்டர் முதலில், பம்ப் பக்கத்து பில்டர் அடுத்து. பிறகு பம்பில் இருக்கும் ஏர் ஸ்க்ரூ. இன்லைன் பம்பில் (சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர் வீதம் வரிசையாக உள்ள வகை) அது பக்கவாட்டில் இருக்கும். டிபிஏ வகை ரோட்டரி பம்பில் உடம்பில் ஒன்று, மேலே கவர்னர் மூடியில் ஒன்று என இரண்டு இருக்கும், கீழே உள்ளதை முதலில் எடுங்கள்.

இதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் நாசில் பக்கத்தில் பைப் நட்களை ஒரு சுற்று தளர்த்தி, ரேஸை முழுதாக வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். டீசல் துள்ளி வந்ததும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். செல்ஃபை ஒரு தடவைக்கு 15 நொடிக்கு மேல் அடிக்காதீர்கள், இடையில் ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள். விரலை அந்த இடத்துக்கு நேராக நீட்டவே கூடாது. பழைய எஞ்சினின் நாசில்கூட 200 பார் அளவில் திறப்பதுதான், தோலைத் துளைத்து உள்ளே போகும் சக்தி அதற்கு உண்டு.

அடைப்பு, தண்ணீர், ஃபீட் பம்ப்

பில்டர் அடைப்பு முதலில் காட்டும் அறிகுறி இழுவை குறைவது. லோடில் நன்றாக இழுத்து, குறைக்கும்போது மட்டும் நிற்கும் வண்டியில் பில்டரை முதல் குற்றவாளியாக நான் நினைப்பதில்லை, ஆனால் விலை குறைவு என்பதால் பழையதாக இருந்தால் மாற்றிவிடுவதில் நஷ்டமும் இல்லை. டேங்க் மூடியைத் திறக்கும்போது "உஸ்" என்று காற்றை இழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது, மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டிப் பாருங்கள்.

இன்லைன் பம்பின் பக்கவாட்டில் இருக்கும் ஃபீட் பம்பின் உள்வழியில் ஒரு சின்ன வலை இருக்கும். பில்டரை மாற்றுபவர்கள் பலருக்கு இந்த வலை நினைவிலேயே வராது, கழற்றினால் சேறு மாதிரி அடைந்து கிடக்கும். ஹேண்ட் பம்ப் அடிக்கும்போது பிடிமானமே இல்லாமல் லொடலொடவென்று போனால் ஃபீட் பம்பின் வால்வுகளில் தூசி சிக்கியிருக்கலாம், கழற்றிக் கழுவினாலே பெரும்பாலும் சரியாகும். மாஸி டிராக்டர்களில் வரும் சிம்சன் எஞ்சின் போன்றவற்றில் ஃபீட் பம்ப் டயாப்ரம் வகை. டயாப்ரம் கிழிந்தால் டீசல் எஞ்சின் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள், ஆயில் மட்டம் ஏறியிருந்து டீசல் வாடை அடித்தால் எஞ்சினை ஓட்டுவதை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள், பேரிங்குக்கு ஆபத்து.

ட்ரம்மில் டீசல் வாங்கி வைத்து ஊற்றுபவர்களுக்கு மழைக்காலத்தில் தண்ணீர்ப் பிரச்சினை வரும். செப்பரேட்டர் அடித் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள், தண்ணீர் கீழே தனியாகப் பிரிந்து நிற்கும்.

விஇ பம்ப் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. ரிட்டர்ன் போல்ட்டில் அவுட் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும், அதற்குள் மிகச் சின்னத் துளைதான் உண்டு. கழற்றி மாட்டும்போது உள்வழி போல்ட்டோடு மாறிப்போனால் டீசல் வரத்தும் பம்பின் உள் அழுத்தமும் கெட்டுவிடும். சமீபத்தில் பம்பில் கை வைத்த வண்டி என்றால் இதைப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

நாசிலும் டேப்பட்டும்

ஐட்லிங்கில் எஞ்சின் ஒரே சீராக ஓடாமல் தட்டுத்தடுமாறினால், ஓடும்போதே ஒவ்வொரு நாசில் பைப் நட்டையும் துணி சுற்றி, அரைச் சுற்று தளர்த்தி இறுக்குங்கள். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் சத்தம் மாறி வேகம் இறங்கும். எதைத் தளர்த்தியும் மாற்றமே இல்லையோ அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. அந்த நாசிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பார்த்தால், கோளாறு நாசிலோடு போகிறதா சிலிண்டரிலேயே நிற்கிறதா என்று தெரிந்துவிடும். கழற்றும்போது அடியில் இருக்கும் காப்பர் வாஷரைப் புதிதாகப் போடுங்கள்.

நாசிலோடு போகவில்லை என்றால் டேப்பட் இடைவெளி, கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். டேப்பட் இறுகியிருந்தால் வால்வு முழுதாக மூடாது, ரேஸில் சமாளித்துவிட்டு ஐட்லிங்கில் கைவிடும்.

பம்ப்தான் என்று முடிவானால்

கேன் சோதனையில் நின்றது, நாசில் நன்றாக இருக்கிறது, கேபிள் ஒயர் எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது பம்பைப் பற்றிப் பேசலாம்.

இன்லைன் பம்ப் என்றால் நம் ஊரில் பெரும்பாலும் மைக்கோ. கம்பெனி 2008-லேயே போஷ் என்று பெயர் மாறியும் பம்ப் கடைக்காரர்கள் மைக்கோ என்று சொல்வதை விடவில்லை. டிராக்டரில் வரும் ஆர்எஸ்வி கவர்னரின் பின்பக்கத்தில், ஐட்லிங் ஸ்பிரிங்குக்குத் துணையாக இன்னொரு ஸ்பிரிங் உள்ள ஒரு ஸ்க்ரூ இருக்கும். ரேஸை விட்டதும் எஞ்சின் ஐட்லிங்குக்குக் கீழே விழாமல் தாங்குவது அந்தத் துணை ஸ்பிரிங்கின் வேலை. அது தளர்ந்திருந்தால் சட்டென்று விடும்போது மட்டும் நிற்கும், மெதுவாக இறக்கினால் நிற்காது. கால் சுற்று உள்ளே திருகினால் வித்தியாசம் தெரியும். அதிகமாகத் திருகினால் ஐட்லிங் ஏறி இறங்கி ஆடும், ரேஸும் சீக்கிரம் இறங்காது. இன்லைன் பம்பில் சில வகைகளுக்குத் தனி ஆயில் ஊற்ற வேண்டும், அது வற்றிப்போய் கவர்னர் இறுகிக் கிடப்பதும் உண்டு.

டிபிஏ வகை ரோட்டரி பம்பில் டீசலின் அளவைத் தீர்மானிப்பது மீட்டரிங் வால்வு என்ற சின்னத் துண்டு. அதற்கு ஆயிலும் டீசல்தான். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய வண்டியில் பழைய டீசல் பிசின் மாதிரி ஆகி வால்வு ஒட்டிக்கொள்ளும். ரேஸை விட்டதும் மூடும், திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது. நிறுத்தி வைத்திருந்த வண்டியில் இந்தக் கோளாறு என்றால் புது டீசலும் நல்ல கிளீனரும் ஊற்றிக் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு அப்புறம் பம்பைக் கழற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். அமெரிக்க ஸ்டானடைன் பம்ப் உள்ள பழைய எஞ்சின்களில் ரிட்டர்ன் லைன் முனையைக் கழற்றிப் பாருங்கள். கருப்புத் துகள்கள் கிடந்தால் உள்ளே கவர்னர் எடைகளைப் பிடிக்கும் வளையம் உடைந்து ரிட்டர்னை அடைத்திருக்கிறது, பம்பைப் பிரித்தே ஆக வேண்டும்.

விஇ பம்பில் ஐட்லிங் ஸ்க்ரூ தவிர, எஞ்சின் விழாமல் தாங்கும் இன்னொரு ஸ்க்ரூவும் சில மாடல்களில் உண்டு. பெஜோவின் சிறிய டீசல் எஞ்சின்களுக்குச் சொல்லப்படும் கணக்கு: 3000 ஆர்பிஎம் வரை ஏற்றிச் சட்டென்று விட்டால் இறங்க 2.5 முதல் 3.5 நொடி ஆக வேண்டும், ஐட்லிங்குக்குச் சுமார் 50 ஆர்பிஎம் கீழே போய் மறுபடி எழ வேண்டும். அதற்கும் கீழே விழுந்து நின்றால் அந்த ஸ்க்ரூவை ஆக்சிலேட்டர் லீவர் பக்கமாகக் கால் சுற்று, இறங்கவே நேரமெடுத்தால் லீவரிலிருந்து விலகும் பக்கமாகக் கால் சுற்று.

சூடானால் மட்டும் நிற்கிறது, நின்ற பிறகு ஆறும்வரை பிடிக்கவே மாட்டேன் என்கிறது என்றால், ரோட்டரி பம்பின் ஹெட் ரோட்டர் (உள்ளே சுழன்று டீசலைப் பங்கிடும் பாகம்) தேய்ந்திருக்கலாம். சூட்டில் டீசல் தண்ணீராக இளகி, தேய்ந்த இடைவெளியில் ஒழுகிவிடும். எஞ்சின் நின்ற நிலையில் பம்பின் மேல் ஈரத்துணியைப் போர்த்திப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யுங்கள், உடனே பிடித்தால் சந்தேகம் உறுதி. ஓடும் பம்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், ஜாம் ஆகிவிடும். இதற்கு ஸ்க்ரூ திருகுவதில் பயனில்லை, ஹெட் மாற்ற வேண்டும்.

சீல் வைத்த ஸ்க்ரூக்கள், அதாவது அதிகபட்ச டீசல், அதிகபட்ச வேகம் இரண்டையும் எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள், அவை டெஸ்ட் பெஞ்சில் வைத்துச் செட் செய்பவை. கவர்னரில் கை வைக்கும் நாளில் எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஏற வாய்ப்பு உண்டு. ஏர் பில்டர் குழாயைக் கழற்றி, காற்று வழியை அடைக்க ஒரு தட்டையான பலகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். கையால் அடைக்கப் போகாதீர்கள்.

காமன் ரெயில் வண்டிகள்

ஸ்கார்பியோ சிஆர்டிஇ, இன்னோவா காலத்திலிருந்து வந்த வண்டிகளில் கவர்னரின் வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. ரெயிலில் (எல்லா நாசிலுக்கும் பொதுவான டீசல் குழாய்) 1000 பாருக்கு மேலேயே அழுத்தம் போகும், ஓடும்போது எந்தப் பைப்பையும் தளர்த்தக் கூடாது, மேலே சொன்ன நட் தளர்த்தும் சோதனைகள் எதுவும் இங்கே செல்லாது. டேங்கிலிருந்து பம்ப் வரையிலான காற்று, பில்டர், தண்ணீர் விஷயங்கள் மட்டும் அப்படியே பொருந்தும்.

காலை எடுத்ததும் நிற்பதற்கு இதில் முதல் சந்தேகம், பம்புக்குள் போகும் டீசலைக் கட்டுப்படுத்தும் வால்வு. டென்சோ பம்பில் சக்ஷன் கண்ட்ரோல் வால்வு என்பார்கள், போஷ் பம்பில் மீட்டரிங் யூனிட். இது ஒட்டிக்கொண்டால் காலை எடுக்கும்போது ரெயில் அழுத்தம் விழுந்து, கம்ப்யூட்டர் கேட்ட நேரத்தில் ஏறாது. ஸ்கேனரை மாட்டி, கேட்கும் அழுத்தம், கிடைக்கும் அழுத்தம் இரண்டையும் ஒரே திரையில் வைத்து ரேஸை ஏற்றி விடுங்கள். ஐட்லிங்கில் பெரும்பாலும் 250 முதல் 350 பார் வரை இருக்கும். காலை விட்டதும் கிடைக்கும் அழுத்தம் மட்டும் பள்ளத்தில் விழுந்து எஞ்சின் நின்றால் வால்வு, அல்லது நாசில்களின் ரிட்டர்ன் கசிவு. கசிவை ஒவ்வொரு நாசில் ரிட்டர்னிலும் ஒரு பாட்டில் மாட்டி அளக்கலாம், ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வேகமாக நிறைந்தால் அதுதான்.

அழுத்தம் இரண்டும் ஒட்டியே இறங்கி, அப்படியும் எஞ்சின் நின்றால் இஜிஆர் வால்வை (சைலன்ஸர் பக்கம் போகும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் வால்வு) பாருங்கள். கரி பிடித்துத் திறந்தபடியே நின்றால், ஐட்லிங்கில் எஞ்சினுக்கு நல்ல காற்றுக்குப் பதில் புகைதான் கிடைக்கும். கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். ஸ்கேனர் திரையில் ஆர்பிஎம் ஒரே நொடியில் பூஜ்யத்துக்குப் போய், எஞ்சின் அதற்குப் பிறகும் ஒரு சுற்று சுற்றி நின்றால் கிராங்க் சென்சார் அல்லது அதன் ஒயர்.

சக்ஷன் கண்ட்ரோல் வால்வு மாற்றினால் ஸ்கேனரில் பம்ப் லேர்னிங் (புது வால்வைக் கம்ப்யூட்டருக்குப் பழக்குவது) செய்யச் சொல்லிக் கேளுங்கள். அதைச் செய்யாமல் வண்டியை எடுத்துவந்து "புது வால்வு போட்டும் ஐட்லிங் ஆடுது" என்று அடுத்த நாளே திரும்பப் போகிறவர்கள் நிறைய.